ஆம் போடாத அரைமணிச் சுற்று

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. வெளியூர்க்காரர்கள் கேட்டால், பாவம், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தலையாட்டுவாரா அவர்? சட்டைக்கு எந்த நிறத்தில் பித்தான் வைப்பது என்பதற்குக்கூட என்னோடு மல்லுக்கு நிற்கிற ஆள். பெயர் வந்த வழி வேறு. அவர் பேச்சில் எந்த வாக்கியமும் 'ஆம்' இல்லாமல் முடியாது. வந்தாராம், போனாராம், செத்தாராம். கேலி செய்ய ஊருக்கு ஒரு 'ஆம்' போதாதா, சாமியை அதுவே சேர்த்துக்கொண்டது.

அவருக்கு வேலை கைடு. படகுத்துறையில் இறங்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மணிக்கூண்டு, பீரங்கி, கோட்டைச் சுவர், பழைய சுங்கக் கட்டடத்து வளைவு, லைட்ஹவுஸ் என்று காட்டிவிட்டு, அரைமணிக்குள் திரும்பப் படகுத்துறையிலேயே கொண்டுவந்து விட வேண்டும். நான் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கிழிந்தது, தளர்ந்தது, போட்டுக்கொண்டவர் பெருத்துவிட்டதால் இறுகியது எல்லாம் என்னிடம் வரும். சுற்றுலா ஆபீஸ் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு துணி பேட்ஜ். 'வழிகாட்டி' என்று நீல நூலில் எழுதியிருக்கும். சட்டை மட்டும் மூன்று. அதனால் ஒன்று துவைக்கப் போகும்போதெல்லாம் நான் பேட்ஜைப் பிரித்து அடுத்த சட்டையில் தைக்க வேண்டும். இன்னும் இரண்டு கேட்டு வாங்குங்கள் என்றால், "ஆளுக்கு ஒண்ணுதானாம்" என்பார்.

தன் கண்ணால் பார்க்காத ஒன்றை 'நடந்தது' என்று சொன்னால் அது பொய். இதுதான் அவர் கட்சி. கோட்டையை அவரா கட்டினார்? இல்லை. கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தாரா? இல்லை. அப்படியென்றால் கட்டினார்களாம் என்றுதான் சொல்ல முடியும். இந்த நியாயம் கோட்டையோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். எங்கள் மகள் பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து சொல்லியிருக்கிறாள். இவர் போனை எடுத்து எல்லோருக்கும், "பொண்ணு பொறந்திருக்காம்" என்றிருக்கிறார். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தையைப் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். பரீட்சையில் தேறினேன் என்று அவளே போனில் சொல்கிறாள். இவர் தெருவில் நின்றுகொண்டு "தேறிட்டாளாம்" என்கிறார். தெருக்காரர்களுக்குச் சந்தேகம் வருமா வராதா?

ஒருமுறை லாரியும் சைக்கிளும் மோதிக்கொண்டன. இவர் எதிர்ப்புறம் நின்றுகொண்டிருந்தார். போலீஸ்காரர் கேட்டதற்கு, "லாரிதான் மோதிடுச்சாம் சார்" என்றார்.

"நீங்க இங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். ஆனா சரியா அந்த நேரத்துல கண்ண மூடிட்டேன் சார்."

போலீஸ்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கல்யாணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குக் கடை கிடையாது. சுங்கக் கட்டடத்து வளைவுக்குக் கீழே, காற்றில் துணி பறக்காமல் ஒரு மூலை உண்டு. அங்கே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையில் புதிதாகச் சேர்ந்த இவர், ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் பேட்ஜுமாக வந்து நின்றார். "இதைச் சட்டையில தைக்கணுமாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். ஆபீஸில் சொன்னார்களாம். தைத்துக் கொடுத்தேன். நேராக இல்லை என்று மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாள் நூல் விட்டுவிட்டது என்று வந்தார். என் தையலில் நூல் விடாது. அந்த வாரக் கடைசியில் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இவர் வாசலிலேயே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் என்னிடம், "தம்பிக்கு உன்னைப் பிடிச்சிருக்காம்மா" என்றார்.

பிடிச்சிருக்காம். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நாத்தனார் மேல் குற்றமில்லை. தம்பி சொன்னதை அவர் வந்து சொன்னார், அந்த இடத்தில் 'ஆம்' போடுவதுதான் முறை. ஆனால் அதற்குப் பிறகாவது சம்பந்தப்பட்டவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் அல்லவா? நானும் இருந்து இருந்து பார்த்தேன். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். "அதான் அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்களே" என்றார். என் தலையில் நானே அடித்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். மகள் வளர்ந்து வெளியூர் போகிற வரைக்கும் அந்த 'ஆம்' அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. எத்தனையோ தையலைப் பிரிக்கிற எனக்கு அதைப் பிரிக்க ஒரு வழி தெரியவில்லை.

போன வருஷம் சுற்றுலா ஆபீஸுக்குப் புதிதாக ஓர் அதிகாரியம்மா வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி, ஆனால் எதையும் நேராகக் கேட்கிற பெண். வந்ததும் இவரைக் கூப்பிட்டு, "சார், உங்க சுற்றுல வர்றவங்க குழம்பிப் போறாங்க. அந்தக் காலத்துல கோட்டையைக் காத்த தளபதி அழுதாராம்னு சொல்றீங்க. அழுதாரா, அழலையா?" என்று கேட்டார்.

"அழுதாராம் மேடம்."

"அதைத்தான் கேக்கறேன். உங்களுக்கே நிச்சயமாத் தெரியலைன்னா அவங்க எதுக்குக் கேக்கணும்? இனிமே ஆம் போடாதீங்க. அடுத்த வாரம் நானே சுற்றுல வரேன். அன்னைக்கும் ஆம் வந்துச்சுன்னா பேட்ஜைத் திருப்பி வாங்க வேண்டி வரும்."

பேட்ஜ் போனால் சுற்று மைக்குக்குப் போகும். மைக் என்பது ஆளின் பட்டப்பெயர். விழாக்களில் ஒலிபெருக்கி பிடித்துக் கத்திக்கொண்டிருந்த மனிதர். இப்போது படகுத்துறையில் ஏதாவது கைடு வேலை காலியாகாதா என்று சுற்றி வருகிறார். அவர் வாயில் 'ஆம்' வராது. தளபதி அழுதாரா என்று மைக்கைக் கேட்டால், "அழுதான். தேம்பித் தேம்பி அழுதான். கைக்குட்டை மஞ்சள் நிறம். ஓரத்தில் பூ வேலை" என்பார். கேட்கிறவர்களுக்குக் கைக்குட்டை கண் முன்னால் தெரியும். பொய்யென்று தெரிந்தும் நானே ஒருமுறை என்ன பூ என்று கேட்டிருக்கிறேன்.

நான் பயந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு என் கடை இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. ஆனால் காலையில் எழுந்து அந்தச் சட்டையைப் போட்டு, கண்ணாடியில் பேட்ஜ் நேராக இருக்கிறதா என்று பார்த்து, படகுத்துறைக்கு நடக்கிற நடை இருக்கிறதே, அதற்குத்தான் அவர் உயிரோடு இருக்கிறார். அது இல்லாவிட்டால் மனுஷன் வீட்டுக்குள் சுருண்டு படுத்துவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் பயிற்சியை அன்றைக்கே ஆரம்பித்தேன்.

இஞ்சு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வோர் 'ஆமு'க்கும் முழங்காலில் ஓர் அடி.

"கொடியில சட்டை காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சாம்."

அடி. "யார் சொன்னா?"

"நீதானே காலையில சொன்ன."

"எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "காஞ்சிடுச்சு" என்றார். நல்ல முன்னேற்றம். "இப்போ கோட்டையைச் சொல்லுங்க. கோட்டையை யார் கட்டினாங்க?"

"அதைத் தொட்டுப் பார்த்தா தெரியாதே."

"சும்மா சொல்லுங்களேன். கட்டினாங்கன்னு சொன்னா வாய் கோணிக்குமா?"

"நான் இருந்தேனா அப்போ? நான் பொறந்ததே இங்கதானாம்னு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அடி. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. சேர்ந்தாற்போல் பொய் சொல்லி வாழ்கிறவர்களை இந்த உலகம் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறது. இந்த மனுஷனை நான் முழங்காலில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வாரம் முடிந்ததுதான் மிச்சம், 'ஆம்' போகவில்லை. கடைசியில் ஒரு யோசனை செய்தேன். நானும் வெளியூர்க்காரி மாதிரி சுற்றில் போவது. 'ஆம்' வரப்போகிறது என்று தெரிந்ததும் இருமுவது. அவர் சட்டென்று நிறுத்திக்கொள்ள வேண்டியது.

"அது ஏமாத்து வேலை இல்லையா?" என்றார்.

"என்ன ஏமாத்து? யாராவது நான் யாருன்னு கேட்டா நீங்க உண்மையைச் சொல்லுங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. இருமுறது குத்தமா?"

நீண்ட நேரம் யோசித்துவிட்டு, குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

மாற்றித் தைக்க வந்த துணிகளோடு யாரோ மறந்து விட்டுப்போன அகலத் தொப்பி ஒன்று கடையில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி மகளுடையது. காலையில் அவர் முன்னால் போக, நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் படகுத்துறைக்குப் போனேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, தொப்பி போட்டுக்கொண்டு, கடலை முதல்முறை பார்க்கிறவள் போல் வாயைப் பிளந்து நின்றேன். மீன் கூடைக்காரம்மா தாண்டிப் போகும்போது, "என்ன அக்கா, தலைக்கு வெயில் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நல்லவேளை, அதிகாரியம்மா அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.

சுற்றுக்கு ஒரு வயதான தம்பதியும், பெரிய கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவரும் வந்திருந்தார்கள். கூடவே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு மைக்கும் வந்து நின்றார். இவர் எப்போது தவறுவார் என்று பார்க்க வந்தவர் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. என்னைப் பார்த்துத் தொப்பிக்குள் குனிந்து, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று வேறு கேட்டார். எனக்குத் தமிழே தெரியாது என்பது போல் கடலைப் பார்த்தேன்.

மணிக்கூண்டடியில் இவர் நின்றார்.

"இது மணிக்கூண்டு" என்றார். "இதைக் கட்டி..."

நான் இருமினேன்.

"இதைக் கட்டியிருக்கு" என்றார். பிறகு வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். "உயரமா இருக்கு. மணி தப்பாக் காட்டும். அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். தப்பாகத்தான் காட்டியது. வயதான அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. "சரியாச் சொல்றார் பாருங்க" என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

பீரங்கிக்கு வந்தோம். "இது பீரங்கி. இதை வச்சு..." நான் இருமினேன். "இதுக்குள்ள ஒரு பூனை குட்டி போட்டுது. நான் கையை விட்டு எடுத்தேன். கீறிடுச்சு." சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். கேமராக்காரர் பீரங்கியை விட்டுவிட்டுத் தழும்பைப் படமெடுத்தார். தம்பதி இரண்டு பேரும் பீரங்கி வாய்க்குள் தலையை விட்டு, இப்போது பூனை இருக்கிறதா என்று பார்த்தார்கள். மைக் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பீரங்கிக்கு அவர் தன் கதையில் ஒரு கடற்படையையே மூழ்கடித்து வைத்திருந்தார்.

கோட்டைச் சுவரருகே இவர் வேகம் பிடித்துவிட்டார். "எதிரிங்க வந்து இந்தச் சுவரை..." என் இருமல் கொஞ்சம் தாமதம். அவரே விழுங்கிக்கொண்டு, "எதிரிங்களை நான் பார்த்ததில்ல. இந்த மூலையை இடிச்சது ஒரு சிமெண்டு லாரி. ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சுது. அன்னைக்குக் கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தேன்" என்றார்.

அதிகாரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா வரலாறு எங்க?"

"வரலாறெல்லாம் எனக்கு முன்னாடி மேடம்" என்றார் இவர், மிகவும் மரியாதையாக.

இதற்குள் பொய்யாக இருமி இருமி எனக்கு நிஜமாகவே தொண்டை பிடித்துக்கொண்டது. அதிகாரியம்மா பார்த்துவிட்டு, "பாவம், கடல் காத்து ஒத்துக்கல போல" என்று பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். தொப்பியும் கண்ணாடியுமாக நின்றுகொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாயில் போட்டேன். சுங்கக் கட்டடத்து வளைவுக்குள் நுழைகிற நேரம், அது வழுக்கித் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வெளியூராவது உள்ளூராவது. "ஏங்க, தண்ணி" என்றேன்.

'ஏங்க' என்று யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரையும் கூப்பிடலாம். ஆனால் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற 'ஏங்க'வுக்கு ஓர் இழுப்பு உண்டு. கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். வயதான அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இவரோ யோசிக்கவே இல்லை. "இரும்மா, பையிலதான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே என் கைப்பையைப் பிடுங்கித் திறந்து, கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

கேமராக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "என்ன சார் இது, பொம்பளைங்க பையில கைய விடறீங்க?"

"தண்ணி எடுக்கறேன்."

"அவங்க பையில தண்ணி இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே காலையில புடிச்சு வச்சேன்."

கேமராக்காரர் கையை விடவில்லை. நான் ஒரு பக்கம் மூச்சுக்குத் திணற, இவர் ஒரு பக்கம் ஒரு கையாலேயே பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தார். மிட்டாய் உள்ளே போய்விட்டது. தொப்பி கீழே விழுந்து உருண்டது. மைக் அதை எடுத்துத் தூசி தட்டி, "மேடம், இவங்க நம்ம ஆமாஞ்சாமியோட சம்சாரம்" என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அறிவித்தார்.

அதிகாரியம்மா இவரைப் பார்த்தார். "சார், இவங்க உங்க மனைவியா?"

"ஆமாம்" என்றார்.

மைக் கையைத் தட்டினார். "சொல்லிட்டார் மேடம், ஆம் சொல்லிட்டார்."

"அது வேற ஆமாம்" என்று அதிகாரியம்மா அவரை அடக்கினார். "அப்போ வேணும்னே கூட்டிட்டு வந்தீங்களா? இருமுறதுக்கா?"

முடிந்தது, பேட்ஜ் போயிற்று, அதுவும் என்னால் போயிற்று என்று நினைத்தேன். இவர் வளைவை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு கைடு குரலில், மணிக்கூண்டடியில் வராத அந்தக் கணீர் குரலில், பேச ஆரம்பித்தார்.

"இது சுங்கக் கட்டடத்து வளைவு. இந்த மூலையில ஒரு தையல் மெஷின் இருந்துது. மிதிக்கும்போது சத்தம் போடும். இவ இங்க உக்காந்திருந்தா. நான் இந்த பேட்ஜைத் தைக்கச் சொல்லி வந்தேன். வாயில ஊசியைக் கடிச்சுக்கிட்டே என்ன வேணும்னு கேட்டா. எனக்கு அப்பவே பிடிச்சுது. நூல் விட்டுப்போச்சுன்னு மறுபடியும் வந்தேன். நூல் விடல, நான்தான் பிரிச்சேன்." கையை நீட்டி என்னைக் காட்டினார். "எனக்கு இவளைப் பிடிக்கும். அன்னைக்கும் பிடிச்சுது. இன்னைக்கும் பிடிக்கும். இது நிச்சயமாத் தெரிஞ்ச விஷயம்."

நான் அழுதுவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வழிந்தது. மிட்டாயால் வந்த கண்ணீர் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷமாக நான் கேட்டுக் காத்திருந்த வாக்கியத்தை, என்னிடம் சொல்லாமல், முன்பின் தெரியாத ஜனங்களிடம் சுற்றுலா இடம் மாதிரி காட்டிச் சொல்கிறாரே என்று கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் அழுதேன்.

"இதே பேட்ஜா?" என்று வயதான அம்மா கிட்டே வந்து அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "தையல் நல்லா நெருக்கமா இருக்கு" என்றார். அவர் வீட்டுக்காரர், மெஷின் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கேட்டார். கேமராக்காரர் பிடித்த கையை விட்டுவிட்டு, அந்தக் காலி மூலையை நாலைந்து படம் எடுத்தார். லைட்ஹவுஸைப் பார்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

படகுத்துறையில் அதிகாரியம்மா இவரைத் தனியே கூப்பிட்டார். "ஒரு ஆம் கூட வரல சார். ஆனா ஊரும் வரலையே. நான் என்னத்த எழுதுவேன்? பார்த்ததை அப்படியே மேலே அனுப்பறேன். அவங்க முடிவு."

அதற்குப் பிறகு இவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பேட்ஜ் போயிடுமாம்" என்று மைக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகச் சொன்னார். நான் டேப்பை எடுக்கவில்லை. அந்த 'ஆமு'க்கு யார் அடிப்பார்கள்?

ஒருநாள் மதியம் அதிகாரியம்மா என் கடைக்கே வந்தார். நான் மேஜையில் என் வீட்டுக்காரருடைய சட்டையை விரித்து, பேட்ஜைப் பிரிப்பதற்காக பிளேடை எடுத்து வைத்திருந்தேன். துவைக்கப் போட வேண்டிய நாள். அதிகாரியம்மா அதைப் பார்த்ததும் முகம் வாடி நின்றார்.

"மேலே கூடிப் பேசினாங்களாம்" என்றார். "இவர் சரிப்பட மாட்டார், பேட்ஜைத் திருப்பி வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்களாம்."

என் கை பிளேடோடு நின்றது. "என்ன சொன்னீங்க மேடம்?"

"சொல்லிட்டாங்களாம்."

"சொல்லிட்டாங்களா, சொல்லிட்டாங்களாமா?"

அந்தப் பெண்ணுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நீங்க காதால கேட்டீங்களா?" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். "தளபதி அழுதாராம்னு சொன்னா குத்தம். என் வீட்டுக்காரர் வேலை போச்சாம்னு சொன்னா அது மட்டும் சரியா? யார் சொன்னாங்களோ அவங்களை நேரா கேட்டு, 'நான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க மேடம். அப்புறம் நானே பிரிச்சுக் கையில குடுத்துடறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். போய் நிஜமாகவே கேட்டிருக்கிறார். மேலாளரைக் கேட்டதற்கு, எனக்கு மேலே சொன்னார்களாம் என்றிருக்கிறார். அவருக்கு மேலே உள்ளவரைக் கேட்டதற்கு, கூட்டத்தில் முடிவானதாம் என்றிருக்கிறார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரோ, அன்றைக்குத் தான் சீக்கிரம் கிளம்பிவிட்டதாகவும், தான் போன பிறகு அப்படி ஏதோ பேசினார்களாம் என்றும் சொல்லியிருக்கிறார். மேலே போகப் போக 'ஆம்' கூடியதே தவிர ஆள் அகப்படவில்லை. என் வீட்டுக்காரரை எல்லோரும் கேலி செய்கிறார்களே, இந்த ஆபீஸ் முழுக்க ஆமாஞ்சாமிகள்தான். ஒரே வித்தியாசம், இவர் பார்க்காததற்கு மட்டும்தான் ஆம் போடுவார்.

திரும்பி வந்தபோது அதிகாரியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். "யாரும் நான்தான்னு சொல்ல மாட்டேங்கறாங்க அக்கா. பேட்ஜ் அவர்கிட்டயே இருக்கட்டும். இதை நான் சொல்றேன். ஆம் இல்ல, கீம் இல்ல." பிறகு, "பழைய கதைக்கெல்லாம் அவர் ஆம் போட்டுக்கட்டும். பார்த்ததுக்கு மட்டும் வேண்டாம்" என்றார். போகும்போது தன் கைப்பையின் அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

மைக்குக்கு லைட்ஹவுஸுக்கு அந்தப்புறம் உள்ள நீளச் சுற்றைக் கொடுத்தார்கள். ஆனால் அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேண்டுமென்றே வளைவு வழியாகத்தான் போகிறார். "இங்கேதான் அந்தத் தளபதி தையல்காரியைக் கண்டான். பல்லில் ஊசி. கண்டதும் காதலித்தான்" என்று அவர் முழங்குவது என் கடை வரைக்கும் கேட்கும். முதலில் போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பினேன். தளபதி குதிரையை விட்டு இறங்கி அவள் காலடியில் மண்டியிட்டான் என்று கேட்டதும், சரி, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பழையபடி மணிக்கூண்டைக் கட்டினார்களாம், பீரங்கி வெடித்ததாம், தளபதி அழுதாராம் என்று சொல்லிக்கொண்டு போகிறார். வளைவுக்கு வந்ததும் மட்டும் 'ஆம்' நின்றுவிடுமாம். பாருங்கள், எனக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டில் ஒருநாளாவது அந்த வார்த்தையை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்காதீர்கள். "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்கிறார்.

சுற்று முடிந்தவர்களில் யாராவது ஒரு பெண் பித்தான் விட்டுப்போனது, மடிப்புப் பிரிந்தது என்று எதையாவது சாக்கு வைத்துக் கடைக்கு வருவாள். வருவது தைக்க அல்ல, என்னைப் பார்க்க. நானும் தெரியாத மாதிரி தைத்துக்கொண்டே இருப்பேன். நேற்றும் ஒருத்தி வந்தாள், கல்யாணமாகி அதிக நாளாகாத பெண். வெகுநேரம் தயங்கி நின்றுவிட்டு, "அக்கா, அவருக்கு உங்களை ரொம்பப் பிடிக்குமாமே" என்றாள்.

வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பிடிக்குமாம் இல்லம்மா" என்றேன். "பிடிக்கும். நான் காதால கேட்டேன்."